நண்பன் எழுதும் பரிந்துரையில் என் தவறும் இடம்பெறலாமா?

வழிகாட்டுநர் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறேன். என்னை நன்கு அறிந்த இருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அவர்களில் ஒருவராவது உறவினர் அல்லாதவராக இருக்க வேண்டும். இன்னும் 9 நாள்தான் இருக்கிறது.

அக்கா எழுதிவிட்டாள். ஒரு பக்கம் முழுக்க 'நல்லவன், பொறுமைசாலி'. படிக்க எனக்கே கூச்சம். நான் செய்த வேலை ஒன்றுகூட அதில் இல்லை. நண்பனின் வரைவும் அதே புகழ்மாலைதான். ஆசிரியருக்கு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. பழைய மேலாளரோ, "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். மனம் ஒப்பவில்லை.

நண்பனும் நானும் 2 ஆண்டுகள் சேர்ந்து ஒரு செயலியை உருவாக்கினோம். நடுவில் பயனர் தரவை நான் தவறுதலாக அழித்ததும், மூன்று இரவு விழித்து மீட்டதும் அவனுக்குத் தெரியும். அதை அப்படியே எழுதச் சொன்னால் விண்ணப்பத்துக்கு வலுவா, பாதகமா?