டீஃப்ராஸ்டுக்கு ஒரு சொல் வேணும், நாளைக்கு அச்சுக்குப் போகுது

மண்டபம்:
எல்லாருக்கும் வணக்கம். ஐடிஐ பசங்களுக்கு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கையேடு தமிழ்ல எழுதிட்டு இருக்கேன். கம்ப்ரசர், கண்டென்சர் எல்லாம் அப்படியே விட்டாச்சு, டீஃப்ராஸ்ட்ல, அதான் ஃப்ரீசர்ல படிஞ்ச ஐஸைக் கரைய விடுறதுல, மாட்டிக்கிட்டேன். போன மாசம் எங்கம்மா ஃப்ரீசர்ல ஒட்டிக்கிட்ட சீலா மீன் பொட்டலத்தைக் கத்தியால நெம்பப் போயி புஸ்ஸுன்னு ஒரு சத்தம், கேஸ் பூரா போச்சு. அந்த மாடல்ல அலுமினியப் பெட்டித் தகட்டுக்குள்ளயே கேஸ் ஓடுதுன்னு அவங்களுக்கு யாரு சொன்னா? முதல் பாடமே இதான், தலைப்பு மட்டும் இல்ல.

பரமக்குடி:
தம்பி, 'உறைபனி நீக்கம்'. ஃப்ரீசருக்கு 'உறைவிப்பி'. உறைவிப்பான்னு எழுதிறாதீங்க, ஆன் ஈறு ஆண்பாலுக்குரியது. பால் உறையறதும் ரத்தம் உறையறதும் இதே வேர்தான். ஏன், ஐஸ்ங்கிறதே நம்ம 'ஐ'யில பிறந்ததா இருக்கலாம். ஐ என்றால் கோழை, குளிர்ச்சியால கட்டுறது.

கீழக்கரை:
புலவரய்யா, ஐஸை விட்டுருங்க. மெட்ராஸ்ல 1842-ல ஐஸ் ஹவுஸ் கட்டினாங்க, அமெரிக்காவுல இருந்து ஐஸ் கப்பல்ல கட்டிகட்டியா வந்துச்சு, பேரும் கூடவே எறங்கிருச்சு. அப்புறம் நம்ம கரையில யாரு உறைபனியைப் பாத்தா? தொல்காப்பியத்துல முன்பனி பின்பனின்னு ரெண்டு பருவம் இருந்தாலும் நமக்கு மார்கழியில தலைத்துண்டு நனையிறதுதான் பனி. ஃப்ரீசர்ல இருக்கறது கடக்காத்து ஈரம், கதவைத் தொறக்கிறப்பல்லாம் உள்ள போயி படிஞ்சு கம்பளி மாதிரி போத்திக்கிது, குளிர் வெளிய வராம கம்ப்ரசர் ஓடிக்கிட்டே கெடக்கு. 'நீக்கம்'னு போட்டீங்கன்னா பய கத்தியத்தான் தேடுவான்.

தொண்டி:
எங்க வீட்டுல "ஐஸ் ஏறிருச்சு, எறக்கிப்போடு"ம்பாங்க. காய்ச்சல் ஏறுது எறங்குது, விஷத்தை எறக்குறாங்க, அந்த மாதிரி. 'பனியிறக்கம்'. சுவிட்சை அமத்திக் கதவைத் தொறந்து வச்சா தானா எறங்கும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்ல ஒரு ஹீட்டர் அப்பப்ப குளிர் தர்ற குழாய்ச் சுருளைச் சுட வச்சு எறக்கிக்கிது, தண்ணி குழாய் வழியா பின்னாடி தட்டுல விழுந்து கம்ப்ரசர் சூட்டுலயே காஞ்சுரும். அதை 'தானிறங்கி'ன்னு வைக்கலாம்.

பரமக்குடி:
'பனி இறங்குது'ன்னா வானத்துல இருந்து கொட்டுதுன்னு பொருள். நீங்க சொல்ல வந்ததுக்கு நேர் எதிர். தானிறங்கின்னா லிஃப்ட்.

தொண்டி:
அப்ப பனியை எடுத்துட்டு ஐஸைப் போடுங்க. ஐஸ் வானத்துல இருந்து கொட்டாதுல்ல.

பரமக்குடி:
ஆலங்கட்டி கொட்டுமே.

மண்டபம்:
ஐயா, அண்ணே, சண்டை வேணாம். ஒண்ணு மட்டும் பாருங்க, பழைய ஃப்ரியான் கேஸ் ஓசோனைத் தின்னுதுன்னு 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் படிப்படியா விட்டுட்டாங்க, இப்ப புது ஃப்ரிட்ஜ்ல நெறய ஐசோபியூட்டேன்தான், தீப்பிடிக்கிற கேஸ். கத்தி குத்தினா அன்னைக்கு கேஸ் போனதோட முடிஞ்சுது, இனிமே பக்கத்துல அடுப்பு எரிஞ்சா என்னாகும்? அதனால பயலுக்குக் கத்தி ஞாபகமே வரக்கூடாது. எனக்கு இறக்கம்தான் சரியாப்படுது.

கீழக்கரை:
என் ஓட்டும் அதுக்கே. தூக்கம் வருது.

மண்டபம்:
மணி பதினொண்ணு. 'ஐஸ் இறக்குதல்'னு தலைப்பு போட்டு அனுப்புறேன். ஃப்ரீசர் ஃப்ரீசராவே இருக்கட்டும், தானிறங்கியை அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்.

பரமக்குடி:
எனக்கு உடன்பாடில்லை. ஐஸ்னுதான் போடுவேன்னா, 'ஐ' என்றால் கோழைன்னு அடியில ஒரு வரியாவது போடுங்க.