மறு: பிரீ-மெட்டாஸ்டாட்டிக் நிஷ் – 'நாற்றங்கால்' சரிவருமா?

> "நாற்றங்கால்" என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். நாம் தமிழ்ச் சொல் தேடும் பிரீ-மெட்டாஸ்டாட்டிக் நிஷ் என்பது, புற்றுநோய் பரவி வருமுன்பே வேறோர் உறுப்பில் அதற்காகத் தயாராகும் இடம். நாற்றங்காலில் வளர்ந்ததைப் பிடுங்கித்தான் வேறு வயலில் நடுவோம். அந்தக் கணக்கில் பெருங்குடலில் முதலில் தோன்றிய புற்றுக்கட்டிதான் நாற்றங்கால். நாம் பெயர் தேடுவதோ அது பரவப்போகும் கல்லீரலில் இருக்கும் இடத்துக்கு.

உழவு உவமையை விட வேண்டாம். 1889இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் லான்செட் மருத்துவ இதழில் எழுதியதே விதை, மண் என்றுதான்: புற்றுச் செல் விதை, அது போய்ச் சேரும் உறுப்பு மண். குடலின் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது, வாய்க்கால் தயார். ஆனால் தண்ணீர் பாய்ந்த இடமெல்லாம் விதை முளைத்துவிடுமா? மண்ணையும் கட்டியே முன்கூட்டிப் பதப்படுத்துகிறது என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். 2005இல் புற்றுநோய் ஆய்வாளர் டேவிட் லைடனின் குழு இதை எலிகளில் காட்டியது: புற்றுச் செல் வந்து சேருமுன்பே எலும்பு மஜ்ஜைச் செல்கள் நுரையீரலில் போய்க் கூடியிருந்தன. பெருங்குடல் புற்றிலும் இதே கதைதான். கட்டி சுரக்கும் விஇஜிஎஃப்-ஏ என்ற புரதம், மேக்ரோபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டுகிறது. அவை சிஎக்ஸ்சிஎல்-1 என்ற புரதத்தை வெளியிடுகின்றன. அந்த அழைப்புக்கு, நோயெதிர்ப்பை அடக்கும் மைலாய்டு செல்கள் (எலும்பு மஜ்ஜையில் உருவாகும் ஒருவகை வெள்ளணுக்கள்) கல்லீரலுக்கு வந்து இறங்குகின்றன. விதை இன்னும் வரவில்லை, காவல்காரனைத் தூங்க வைத்தாயிற்று!

அதனால் என் பரிந்துரை: *பரவுபாத்தி*.

'முன்' என்ற ஒட்டு எங்கே என்று கேட்பீர்கள். விதைத்த பிறகு யாராவது பாத்தி கட்டுவார்களா? தவிர இது வினைத்தொகை. பரவிய, பரவுகிற, பரவும் மூன்றும் உள்ளே இருக்கின்றன. (அதனால் 'ப்' மிகாது, தயவுசெய்து 'பரவுப்பாத்தி' என்று தட்டாதீர்கள்.) வினையாகவும் ஓடும்: "கட்டி கல்லீரலில் பாத்தி கட்டுகிறது."

'கூடு' என்ற இன்னொரு பரிந்துரை எனக்கு ஒட்டவில்லை. கூட்டைக் கட்டுவது அதில் குடியிருக்கும் பறவை. இங்கே கட்டுவது தூரத்தில் இருக்கும் கட்டி.

---

> என் பரிந்துரை: பரவுபாத்தி

வினைத்தொகை வாதம் பிடித்திருக்கிறது அம்மா. ஆனால் நான் தூத்துக்குடிக்காரன். எங்களுக்குப் பாத்தி என்றால் உப்பளம். அதில் ஒரு புல்கூட முளைக்காது! சரி, கல்லீரல் கட்டுரையில் போட்டுப் பார்ப்போம். அப்புறம், செல்கள் வெளியே அனுப்பும் நுண்பையான எக்சோசோமுக்கு என்ன சொல்?