சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தில் பழைய தமிழ் நூல், நாளிதழ் தேடுவது எப்படி?

பாசிர்ரிஸ்_வாசகன்:
விக்டோரியா தெரு நூலகத்தில் 1950கள், 60களின் உள்ளூர்த் தமிழ் நூல்களையும் தமிழ் முரசு நாளிதழையும் பார்க்க வேண்டும். எந்த மாடி? இரவல் கிடைக்குமா? நூலகம் தொடங்கிய ஆண்டு ஓரிடத்தில் 1844, இன்னோரிடத்தில் 1960 என்று இருக்கிறதே, எது சரி?

அடுக்கு_894:
ஒரே கட்டடத்தில் இரண்டு நூலகம், குழப்பம் அங்கேதான். அடித்தளத்தில் இருப்பது மத்திய பொது நூலகம், இரவல் தருவது அதுதான். 7 முதல் 13ஆம் மாடி வரை லீ கொங் சியான் மேற்கோள் நூலகம். அங்கே உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உறுப்பினர் அட்டை இல்லாமலே நுழையலாம்.

தமிழ் என்றதும் எல்லாரும் 9ஆம் மாடிக்குப் போய்விடுகிறார்கள். சீனம், மலாய், தமிழ்த் தொகுப்புகள் அங்கேதான், ஆனால் சிங்கப்பூர் எழுத்தாளர் நூல் என்றால் 11இல் சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்பையும் பாருங்கள். அழைப்பெண்ணில் (நூல் எந்த அடுக்கில் என்று காட்டும் எண்) 894.811 இருந்தால் தமிழ் இலக்கியம். முன்னால் 'ஆர்சிங்' (RSING) என்றிருந்தால் திறந்த அடுக்கு. 'ஆர்க்ளோஸ்' (RCLOS) என்றால் உள்ளே பூட்டிய அடுக்கு. தேடி அலையாதீர்கள், முகப்பில் எழுதிக் கேளுங்கள்.

சிவப்புச்செங்கல்:
இரண்டு ஆண்டும் சரிதான். 1844இல் அமைந்தது சந்தா நூலகம், காசு கட்டினவருக்கு மட்டும் புத்தகம். 1874இல் அரசு எடுத்து ராஃபிள்ஸ் நூலகம், அரும்பொருளகம் ஆக்கியது. 1953இல் தொழிலதிபர் லீ கொங் சியான் 375,000 வெள்ளி தருவதாகச் சொன்னபோது நிபந்தனை போட்டார்: நூலகம் இலவசமாக இருக்க வேண்டும், உள்ளூர் மொழி நூல்களும் வேண்டும். 9ஆம் மாடித் தமிழ் அடுக்குக்கு வேர் அந்த நிபந்தனை என்பேன். ஸ்டாம்ஃபர்ட் சாலைக் கட்டடம் 1960 நவம்பர் 12 திறப்பு. டிசம்பரில் 'தேசிய நூலகம்' என்ற பெயர். ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்காக 2004இல் மூடி இடித்தார்கள். வாசல் தூண் இரண்டு மட்டும் நிற்கிறது. சாலைக்கு நூலகத்தைக் கொடுத்தது நல்ல பேரமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்! 16 மாடிப் புதிய கட்டடம் 2005 ஜூலையில் திறந்தது.

நுண்படச்சுருள்:
முரசுக்கு நூலகம் போகுமுன், பழைய நாளிதழ்களை இணையத்தில் தரும் நியூஸ்பேப்பர்எஸ்ஜி (NewspaperSG) தளத்தைப் பாருங்கள். சொல் போட்டுத் தேடினால் ஏமாற்றம்தான். அந்தக் கால அச்சில் லை, ணை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட எழுத்து. றா, ணா, னா ஒட்டிய எழுத்து. எழுத்தை அடையாளம் காணும் இயந்திரம் தடுமாறும். தேதி வாரியாகப் புரட்டுங்கள். நிகழ்ச்சி நடந்த நாளுக்கு மறுநாளிலிருந்து ஒரு வாரம் பார்த்தால் பெரும்பாலும் அகப்படும். சில பக்கங்கள் நூலகக் கணினியில் மட்டுமே திறக்கும். தளத்தில் இல்லாததற்கு 11ஆம் மாடி நுண்படச்சுருள் (மைக்ரோஃபிலிம்).

நூற்பட்டியலில் தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை தேடுங்கள். நூலக ஒலிபெயர்ப்பில் சகரத்துக்கு 'எஸ்' வராது, 'சி'தான். 'ங்க'வில் 'ஜி' இல்லை, 'கே'. முரசை நிறுவிய சாரங்கபாணியின் பெயரை நாம் எழுதுகிற மாதிரி தட்டினால் பாதி நூல் கண்ணில் படாது.

பாசிர்ரிஸ்_வாசகன்:
நன்றி. 'சி' போட்டுத் தேடிப் பார்க்கிறேன். உள்ளூரில் இப்போது அச்சிடுகிற நூல்கள் எல்லாம் அங்கே இருக்குமா?

அடுக்கு_894:
சட்டப்படி இருக்க வேண்டும். வெளியிட்ட 4 வாரத்துக்குள் பதிப்பாளர் 2 படி ஒப்படைக்க வேண்டும். சொந்தமாக 200 படி அடித்து நண்பர்களுக்குக் கொடுக்கிற கவிஞர்கள்தான் இதை மறப்பது. அவர்கள் நூல்தான் பின்னால் எங்குமே கிடைக்காது.