மறு: கிளிப்பிங் – ‘தலைதட்டல்’ எனலாமா?

> கிளிப்பிங் = வெட்டு, ஹெட்ரூம் = தலையிடம். எளிமையாக இருக்கிறதே, போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். ஒலி கருவி தாங்கும் உச்சத்தைத் தாண்டும்போது அலையின் முகடு மட்டமாகிவிடுவது கிளிப்பிங்; அந்த உச்சம்வரை மீதமிருக்கும் இடம் ஹெட்ரூம். ஒலித்திருத்த மென்பொருளின் தமிழாக்கத்தில் கட், டிரிம் இரண்டுக்கும் ஏற்கெனவே ‘வெட்டு’ போட்டுவிட்டோம். ‘வெட்டு நேர்ந்துள்ளது’ என்று திரையில் வந்தால் பாட்டில் ஒரு துண்டு காணாமல் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள்.

போன வாரம் ஒரு பழைய இசைத்தட்டைக் கணினியில் பதிந்தேன். தட்டைப் படிக்கும் ஊசி பொருத்திய கேட்ரிட்ஜ் தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். போனோ ப்ரீஆம்ப் அதை 40 டெசிபெல், அதாவது 100 மடங்கு, பெருக்கினால் அரை வோல்ட். என் சவுண்ட் கார்டு 1 வோல்ட் வரை தாங்கும், அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன். ஆனால் அந்த 5 மில்லிவோல்ட் சோதனை ஒலிக்கான கணக்கு. தட்டின் உரத்த இடங்கள் அதைப்போல் 4 மடங்குகூடப் போகும். அங்கே 2 வோல்ட் வந்து நிற்கும்.

அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிரம் அடி விழுந்த இடத்திலெல்லாம் முகடே இல்லை. அளக்கும் படியில் குவிந்த அரிசியைக் கையால் வழித்துவிட்டாற்போல் மட்டமாக இருந்தது. இதற்குத்தான் நம்மிடம் சொல் இருக்கிறதே: தலைதட்டி அளப்பது. குனியாமல் நுழைந்தால் வாசல்நிலையிலும் தலை தட்டும். அந்தப் பொருளும் இங்கே பொருந்துகிறது. அலையின் அடிப்பக்கமும்தானே மட்டமாகிறது, அதுவும் தலையா என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான், என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் ‘வெட்டு’க்கு இது மேல்.

பதிவு மென்பொருளின் ஸ்லைடரைக் குறைத்தும் பார்த்தேன். மட்டமான தலை மட்டமாகவே கீழே இறங்கியது! சவுண்ட் கார்டில் அலை எண்ணாக மாறுவதற்கு முன்பே தலை தட்டிவிட்டதே. ப்ரீஆம்பின் வெளியீட்டை 12 டெசிபெல், அதாவது கால் பங்காக, குறைத்த பிறகுதான் முகடுகள் திரும்பின. 24 பிட் பதிவில் இதற்கு 2 பிட் நுணுக்கம் போகும், அவ்வளவுதான். இசைத்தட்டின் இரைச்சலுக்கு முன் அது ஒன்றுமே இல்லை. ஆகவே உதவிக் குறிப்பில் ‘உள்ளீட்டில் தலைதட்டல்’ என்று இடத்தையும் சேர்த்தே எழுதவேண்டும்.

ஹெட்ரூமுக்கு வருவோம். ‘தலையிடம்’ என்றால் முதலிடம் போல் ஒலிக்கிறது. ‘மேலிடம்’ என்றால் கட்சிதான் நினைவுக்கு வரும். ‘மேல்வெளி’ எப்படி? ‘மேல்வெளி: 6 டெசிபெல்’ என்று மீட்டருக்குக் கீழே அடக்கமாக உட்காரும்.

‘லெவல்’ அளவா, மட்டமா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். இந்த மடலிலேயே ‘மட்டம்’ வேறு பொருளில் எத்தனை முறை வந்துவிட்டது பாருங்கள்.