ஃபோர்க் குழாய்க்கு வந்த சுங்க வரி

குழு: சத்துவாச்சாரி வீட்டார்

செவ்வாய்க்கிழமை

நான் (காலை 9:14): எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிளுக்கு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய் ஒரு ஜோடி இங்கிலாந்தில் இருந்து வரவழைத்தேன் அல்லவா, பார்சல் சென்னைக்கு வந்துவிட்டது. வரியும் கட்டணமுமாக 9,041 ரூபாய் கட்டச் சொல்லிக் கூரியரில் இருந்து செய்தி வந்திருக்கிறது. குழாயின் விலையே 16,000 தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காட்பாடி அத்தை (9:17): கட்டாதே, கட்டிவிடாதே! எங்கள் தெருவில் ஒரு டீச்சருக்கு இப்படித்தான் "உங்கள் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது" என்று போன் வந்தது. பாவம், சேமித்து வைத்திருந்த பணத்தை எல்லாம் கொடுத்துவிட்டு அழுதார்.

அம்மா (9:21): இத்தனை பணம் கொட்டி அந்த வண்டியை எழுப்ப வேண்டுமா? ஆற்காடு ரோட்டில் எத்தனை மெக்கானிக் கடை இருக்கிறது, அங்கே கேட்டாயா?

நான் (9:24): கேட்காத கடை இல்லை அம்மா. பழைய குழாயை நேற்று மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் உரசும் இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி துருப்பள்ளம். நகத்தால் தடவினாலே தட்டுப்படுகிறது. மூன்று முறை ஆயில் சீல் மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பள்ளத்தின் விளிம்பு சீலின் உதட்டைக் கிழிக்கிறது, எண்ணெய் வழிந்து மட்கார்டு நனைகிறது. பிரேக் பிடிக்கும் சக்கரத்தில் எண்ணெய் இறங்கினால் அப்பா எப்படி ஓட்டுவார்?

ராணிப்பேட்டை பெரியப்பா (9:40): தம்பி, பதறாதே. தோல் கம்பெனி இறக்குமதிப் பிரிவில் முப்பது வருடம் இதே வேலைதான் பார்த்தேன். முதலில் அத்தை சொன்ன பயத்தைத் தீர்த்துக்கொள். அந்தச் செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடாதே. விற்றவர் கொடுத்த டிராக்கிங் எண்ணைக் கூரியரின் சொந்தத் தளத்தில் நீயே தட்டச்சு செய்து பார். தனி ஆளின் வங்கிக் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ பணம் கேட்டால் அது திருட்டுதான். சுங்கத்துறை போன் செய்து அப்படி வசூலிப்பதில்லை. துறையின் கடிதம் என்றால் 'டின்' என்ற ஆவண எண் இருக்கும், 2019 நவம்பரில் இருந்து அப்படித்தான். அதைத் துறையின் தளத்தில் சரிபார்க்கலாம்.

காட்பாடி அத்தை (9:43): ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்று அந்த டீச்சர் சொன்னார். எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் (10:05): பார்த்துவிட்டேன் பெரியப்பா. பார்சல் உண்மைதான். ஆதார், பான் கேட்கிறார்கள்.

ராணிப்பேட்டை பெரியப்பா (10:08): அது கேட்பார்கள். இறக்குமதி செய்பவர் யார் என்று அடையாளம் காட்டாமல் பார்சலை விடுவிக்க மாட்டார்கள். அதே தளத்தில் ஏற்று. கணக்குத் தாளை அனுப்பு.

நான் (10:12): அனுப்பியிருக்கிறேன். பொருள் 16,000, விமானக் கூலி 4,800, காப்பீடு 180. மதிப்பு 20,980. அதற்கு வரி 7,861. கூரியர் சேவைக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 1,180.

ஆம்பூர் மாமா (10:20): மாப்பிள்ளை, கூலிக்குமா வரி போடுகிறார்கள்? பொருளுக்குத்தானே வரி?

ராணிப்பேட்டை பெரியப்பா (10:31): எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான் மச்சான். நம் நாட்டில் வரி போடுவது கடைக்காரர் போட்ட விலைக்கு மட்டும் இல்லை. பொருள், கூலி, காப்பீடு மூன்றும் சேர்ந்து நம் மண்ணில் வந்து இறங்கும் மதிப்புக்குத்தான் வரி. அதன் மேல் அடிப்படைச் சுங்க வரி 15 சதவீதம். அந்த வரித்தொகையில் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி. இவ்வளவும் சேர்ந்த தொகைக்கு, இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி 18 சதவீதம். வரிக்கு மேல் வரி ஏறுவதால் 15-ம் 18-ம் கூட்டி 33 என்று நினைக்கக் கூடாது. 100 ரூபாய்க்கு 37 ரூபாய் 47 காசு.

ராணிப்பேட்டை பெரியப்பா (10:34): 2025 செப்டம்பர் 22-க்கு முன் வந்திருந்தால் ஐஜிஎஸ்டி 28 சதவீதம். 100-க்கு 49 ரூபாய் போயிருக்கும். அந்த வகையில் நீ தப்பித்தாய்.

அம்மா (10:36): 49 ரூபாயா! அடேயப்பா.

ராணிப்பேட்டை பெரியப்பா (10:52): தம்பி, தாளை மறுபடி பார்த்தேன். ஒரு தவறு இருக்கிறது. விமானத்தில் வரும் சரக்குக்குக் கூலி எவ்வளவு ஆனாலும், வரிக் கணக்கில் பொருள் விலையின் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. 2007-ஆம் வருட மதிப்பீட்டு விதிகளில் 10-வது விதி. உன் குழாய்க்கு 3,200 தான் உச்சம். இவர்கள் 4,800-ஐ முழுதாக ஏற்றியிருக்கிறார்கள். மதிப்பு 19,380 என்று வர வேண்டும். வரி 7,262.

நான் (10:55): அப்படியானால் 600 ரூபாய் அதிகமா?

ராணிப்பேட்டை பெரியப்பா (10:57): 599 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் அது உன் பணம், கேட்டு வாங்கு. சுங்கத்துறையிடம் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகிவிட்டால் திருத்துவது அலைச்சல். இப்போதே மின்னஞ்சல் எழுது. விதி எண்ணைப் போடு. குரலை உயர்த்தாமல் எழுது.

ஆம்பூர் மாமா (11:10): அடுத்த முறை லண்டனில் இருக்கும் நம் பெண்ணிடம் சொல்லிவிடலாம். பரிசு என்று எழுதி அனுப்புவாள். 5,000 வரை வரி இல்லையே.

ராணிப்பேட்டை பெரியப்பா (11:18): அது பழைய கதை. 2019 டிசம்பரில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும்தான் விட்டுவைத்தார்கள். பரிசாக வந்தாலும் முழு வரி உண்டு.

ஆம்பூர் மாமா (11:20): விற்கிறவரிடம் விலையைக் குறைத்து எழுதச் சொன்னால்?

ராணிப்பேட்டை பெரியப்பா (11:27): வேண்டவே வேண்டாம் மச்சான். அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் அந்த இன்வாய்ஸைத் தள்ளிவிட்டு அவரே மதிப்புப் போடலாம். பறிமுதல், அபராதம் எல்லாம் சட்டத்தில் இருக்கிறது. வழியில் பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தப் பொய் விலைக்குத்தான் வரும். எங்கள் கம்பெனியில் ஒரு கொள்முதலில் யாரோ அவசரத்தில் குறைத்து எழுதினார்கள். சரக்கு துறைமுகத்தில் கிடந்து வாடகை ஏறியது, ஷிஃப்ட் நின்றது. அன்றைக்குக் கூலி இல்லாமல் வீட்டுக்குத் திரும்பியவர்களை என் கண்ணால் பார்த்தேன். இன்றும் மறக்கவில்லை.

நான் (11:30): நான் அப்படிக் கேட்கவில்லை பெரியப்பா. இன்வாய்ஸ் உண்மை விலைதான். அவர்கள் பக்கத்தில் 19,200 என்று இருந்தது. அது 16,000-உடன் 20 சதவீதம் அவர்கள் ஊர் விற்பனை வரியான வாட் சேர்ந்த விலை. வெளிநாட்டுக்கு அனுப்புவதால் அந்த வாட்டைக் கழித்து 16,000 வாங்கினார்கள்.

ராணிப்பேட்டை பெரியப்பா (11:33): அதைக் கவனித்து வாங்கியது நல்ல வேலை. சிலர் கழிக்காமல் அனுப்பிவிடுவார்கள், வாங்குபவர் இரண்டு நாட்டுக்கும் வரி கட்டுவார். இன்னொன்று, தாளில் 8714 என்ற தலைப்பு, அதாவது சுங்க வரி அட்டவணையில் பொருளின் வகையைக் காட்டும் எண், இருக்கிறதா பார். மோட்டார் சைக்கிள் பாகத்துக்கு அதுதான். பிஸ்டன் வாங்கினால் எஞ்சின் பாகம் என்று 8409-க்குப் போகும், விளக்கு 8512-க்கு. சொந்தப் பயன்பாட்டுப் பொருள் என்று 9804-இல் போட்டாலும் விகிதம் மாறும். விற்பவரிடம் இன்வாய்ஸில் பாகத்தின் பெயரைத் தெளிவாக எழுதச் சொல். வெறுமனே 'பார்ட்ஸ்' என்று வந்தால் பார்சலைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், நாள் போகும்.

நான் (11:36): 8714 தான் போட்டிருக்கிறார்கள்.

காட்பாடி அத்தை (11:41): மொத்தம் எவ்வளவு ஆகிறது? கேட்கிறேன் என்று கோபிக்காதே.

நான் (11:50): கோபம் எதற்கு அத்தை. பொருளும் கூலியும் 20,800. கார்டில் வெளிநாட்டுப் பணமாகக் கட்டியதால் வங்கி எடுத்தது 859. வரியும் கூரியர் கட்டணமும் திருத்திய கணக்குப்படி 8,442. ஆக 30,101. ஆர்டர் போடும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டிருக்க வேண்டும். அப்போதும் வாங்கியிருப்பேன். ஆனால் சீட்டுப் பணம் கைக்கு வந்த பிறகு வாங்கியிருப்பேன், அம்மாவிடம் கைமாற்று கேட்டிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை

நான் (மாலை 4:02): கூரியரில் திருத்திவிட்டார்கள். 8,442 கட்டினேன். ரசீதையும் பில் ஆஃப் என்ட்ரி நகலையும் வாங்கி வைத்துவிட்டேன்.

ராணிப்பேட்டை பெரியப்பா (4:10): நல்லது தம்பி. அந்த நகலை வண்டியின் ஆர்சி புத்தகத்தோடு வை.

சனிக்கிழமை

அம்மா (மதியம் 12:35): பார்சல் வந்துவிட்டது. அப்பா சாப்பிடக்கூட வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, எண்ணெய்க் காகிதத்தைச் சுருக்கம் விழாமல் பிரித்துக்கொண்டிருக்கிறார். குழாயில் அவர் முகம் தெரிகிறது.

காட்பாடி அத்தை (12:38): போட்டோ அனுப்பு அண்ணி. அண்ணனை இப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

அப்பா (12:51): குழாய் இரண்டும் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன். நேராக இருக்கின்றன. அண்ணாவுக்கு நன்றி. தம்பி, நாளைக் காலை வெயில் ஏறும் முன் மெக்கானிக்கிடம் போவோம். ஏழு மணிக்குத் தயாராக இரு.