சேம்பர்லெய்ன் அரசியலில் என்னதான் செய்தார்?

உவர்மலையான்:
வணக்கம். திருகோணமலையில் எங்கள் வாசகர் வட்டத்தில் வாற கிழமை, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படை அதிகாரியாக இருந்த ஜோசுவா சேம்பர்லெய்ன் பற்றி நான் பேச வேண்டும். கெட்டிஸ்பேர்க்கில் 1863 யூலை 2ஆம் திகதி, தோட்டா தீரும் நேரத்தில் துப்பாக்கிமுனைக் கத்தியோடு ஆட்களைச் சரிவில் இறக்கிய கதை எங்கும் கிடைக்கிறது. அதற்குப் பிறகு, ‘மெயின் மாநில ஆளுநராக நாலு முறை வென்றார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவுதானா?

நிலாவெளிக் காற்று:
நாலு முறை என்றதும் மலைக்காதீர்கள் தம்பி, அங்கே அப்போது ஒரு தவணை ஒரு வருடம்தான், 1867 முதல் 1871 வரை. சொந்தக் கட்சிக்குள்ளேயே நிறையப் பேரைப் பகைத்துக்கொண்டார். மதுவிலக்குக்காகத் தனிப் பொலிஸ் வேண்டாம் என்றார், அது ஒரு கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. தூக்குத் தண்டனையை நிறைவேற்றினார், அது இன்னொரு கூட்டத்துக்கு. பிறகு, போருக்கு முன்பு தான் படிப்பித்த போடோயின் கல்லூரிக்கே தலைவராகப் போய்விட்டார்.

மூதூர் வாசகி:
என்னைக் கேட்டால் 1880 ஜனவரியைத்தான் பேச்சின் நடுவில் வைக்க வேண்டும். தேர்தல் முடிவில் தகராறு, பழைய ஆளுநரின் காலமும் முடிந்துவிட்டது, சட்டசபை எங்களுடையது என்று இரண்டு தரப்பும் நிற்கின்றன, தலைநகர் ஒகஸ்ராவில் ஆயுதத்தோடு ஆட்கள். மாநிலப் படையின் தளபதி இவர். படையை வரவழைத்துத் தன் ரிபப்ளிக்கன் கட்சியை உட்கார்த்தியிருக்கலாம், கட்சியும் அதைத்தான் எதிர்பார்த்தது. இவரோ ஆயுதக்காரரை வீட்டுக்கு அனுப்பி, நகரப் பொலிஸை மட்டும் வைத்து, நீதிமன்றம் சொல்லும்வரை பன்னிரண்டு நாள் கட்டடத்தைக் காத்தார். தீர்ப்பு ரிபப்ளிக்கன் பக்கம்தான் வந்தது, ஆனால் இவருக்கு நன்றி சொல்ல அங்கே ஆள் இல்லை. செனட்டுக்குப் போகும் ஆசை அதோடு போச்சு. எனக்கு இது கத்திச் சண்டையைவிடப் பெரிய துணிச்சல்.

உவர்மலையான்:
இது எனக்குத் தெரியவே தெரியாது அக்கா, நன்றி. அதற்குப் பிறகு?

நிலாவெளிக் காற்று:
காயத்தையும் மறக்காதீர்கள். 1864இல் பீற்றர்ஸ்பேர்க்கில் இடுப்பில் குண்டு பாய்ந்தது, பிழைக்கமாட்டார் என்று நினைத்துத்தான் வடக்குப் படையின் தலைமைத் தளபதி கிராண்ட் அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்தார். அந்தப் புண்ணோடுதான் இத்தனை அரசியலும். 1914இல் இறந்ததற்கும் அதுதான் காரணம் என்பார்கள். கடைசிக் காலத்தில், 1900இல், போர்ட்லண்ட் துறைமுகச் சுங்கத்தில் ஒரு பதவி கொடுத்தார்கள். நம் ஊர்ச் சபையில் அதையும் சொல்லுங்கள், துறைமுகம் என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள்.