ஒரு வீல் மட்டும் கொதிக்கிறது, பிரேக் ஹோஸ் மாற்ற வேண்டுமா? அவசரம்

சாலையோரன்:
வணக்கம். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினால் ஒரு வீல் மட்டும் பயங்கரமாகக் கொதிக்கிறது, தீய்ந்த வாடை வேறு. மெக்கானிக் சொல்லி பிரேக் பேடு மாற்றியாச்சு, அப்படியேதான் இருக்கிறது. இப்போது பிரேக் ஹோஸ் (வீலுக்கு பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) போயிருக்கும் என்கிறார். ஹோஸில் ஒரு சொட்டு ஒழுக்குகூட இல்லை. வீண் செலவு வைக்கிறாரா? ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொல்லிமலை போகிறோம். சீக்கிரம் சொல்லுங்கள்.

கிரீஸ்_கை:
எந்த வண்டி? எந்த வீல்?

டிரம்_தாத்தா:
ஏபிஎஸ் உண்டா? பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? ஹேண்ட் பிரேக்கை முழுசாக இறக்கினீர்களா என்றும் கேட்டுவிடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

பின்_பார்த்தியா:
எதுவும் கேட்க வேண்டாம். காலிப்பர் (பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) நகரும் பின் இறுகியிருக்கும். கழற்றி, துருவைத் தேய்த்து, அதற்கென்று விற்கும் கிரீஸ் போட்டு மாட்டுங்கள். வெளியே ஒழுகாத ஹோஸை ஏன் மாற்ற வேண்டும்?

பட்டறை_வாத்தியார்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. வண்டிப் பேர்கூடச் சொல்லாமல் "சீக்கிரம்" என்றால் நான் என்ன ஜோசியமா பார்க்க?

சாலையோரன்:
மன்னிக்கவும் சார். மாருதி ஆல்டோ, 2008, ஏபிஎஸ் இல்லை. முன் இடது வீல். பிரேக் ஆயில் மாற்றியதாக ஞாபகம் இல்லை. வண்டியும் லேசாக இடது பக்கம் இழுக்கிறது. டீ குடிக்க நிறுத்திவிட்டுக் கிளம்பினால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடுகிறது, அப்புறம் மறுபடியும்.

கிரீஸ்_கை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! நின்றால் சரியாகிறது என்றால் எனக்கும் ஹோஸ் மேல்தான் சந்தேகம். பின் இறுகினால் டீ குடித்துவிட்டு வந்தாலும் அது இறுகித்தான் இருக்கும்.
ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள் ரப்பர் உப்பி, உரிந்து வழியை அடைக்கும். நீங்கள் மிதிக்கும் அழுத்தம் பெரியது, ஆயிலை உள்ளே தள்ளிவிடும். காலை எடுத்தபின் திரும்பி வர அவ்வளவு வேகம் கிடையாது. ஒருபக்க வால்வு மாதிரி ஆகிவிடும். பேடு டிஸ்கைக் கவ்விக்கொண்டே இருக்கும். நிறுத்தி வைத்தால் மெல்லக் கசிந்து திரும்பி, வீல் விடும்.

பின்_பார்த்தியா:
அப்படியானால் மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில், ஆயில் திரும்பும் ஓட்டை அடைத்திருந்தாலும் இதேதானே நடக்கும்?

டிரம்_தாத்தா:
அது இரண்டு முன் வீலையும் பிடிக்கும். இவருக்கு ஒன்றுதான்.

பட்டறை_வாத்தியார்:
தவறு. இந்த மாதிரி முன்சக்கர டிரைவ் வண்டிகளில் ஆயில் போகும் சர்க்யூட் குறுக்கே போகும்: முன் இடது, பின் வலது ஒரு ஜோடி. பின்னால் டிரம் லேசாகப் பிடித்தால் யாருக்கும் தெரியாது. ஊகம் போதும், சோதியுங்கள். வீலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். சில முறை மிதித்து விட்டு, கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால், மேலே இரும்புப் பைப்பும் ஹோஸும் சேரும் நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். வீல் விட்டால் கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடவில்லையா, நட்டை இறுக்கிவிட்டு காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறங்கள். இப்போது விட்டால் ஹோஸ். அதற்கும் விடாவிட்டால்தான் பின்_பார்த்தியாவின் காலிப்பர். பிறகு கட்டாயம் ஏர் எடுக்க வேண்டும், அதாவது ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்.

சுருக்கமா_சொல்:
பழைய ஹோஸைக் கழற்றி பெட்ரோல் விட்டு ஊதினால் அடைப்பு போய்விடும். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள்.

கிரீஸ்_கை:
ஐயோ, வேண்டவே வேண்டாம்! பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில் எது பட்டாலும் அந்த ரப்பர் ஊறி உப்பும். மாஸ்டர் சிலிண்டர் வாஷர் வரைக்கும் கெடும். ஹோஸை வைஸ் கிரிப்பால் நசுக்கிப் பார்ப்பதும் கூடாது, காலிப்பரை அதில் தொங்கவிடவும் கூடாது, கம்பியில் கட்டுங்கள்.

டிஸ்க்_பிரியன்:
மாற்றுவதே மாற்றுகிறீர்கள், ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் போடுங்களேன். உப்பாது, மிதி கல்லு மாதிரி இருக்கும்.

டிரம்_தாத்தா:
ஆல்டோவுக்கு எதற்கு அய்யா பந்தயச் சாமான்? மேலே கம்பி மூடியிருந்தால் உள்ளே வெடிப்பு விட்டாலும் தெரியாது.

டிஸ்க்_பிரியன்:
உள்ளே அடைத்த ரப்பர் மட்டும் வெளியே தெரிந்ததா? இந்த இழையே அதற்குத்தானே சாட்சி.

டிரம்_தாத்தா:
ரப்பராவது பாதி நேரம் முன்கூட்டியே சொல்லும். வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும், ஒருவர் மிதிக்க மற்றவர் பார்த்தால் உப்பல் தெரியும். உங்கள் பின்னலில் மணல் புகுந்தால் உரசி உரசியே போகும்.

டிஸ்க்_பிரியன்:
மேலே பிளாஸ்டிக் உறை போட்டே விற்கிறார்கள், கடைக்குப் போய்ப் பாருங்கள்.

பட்டறை_வாத்தியார்:
இருவரும் வேறு இழை தொடங்குங்கள். சாலையோரன், ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். வலதும் அதே வயசு, சேர்த்து மாற்றுங்கள். பின்பக்க ஹோஸையும் பார்த்துவிடுங்கள். மேல் நட்டுக்கு, சுற்றிக் கவ்வும் ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான், சாதாரண டபுள் எண்டு போட்டால் முனை மழுங்கி இரும்புப் பைப்பும் சேர்ந்து போகும். ஹோஸைக் காலிப்பரில் பிடிக்கும் போல்ட்டில், ஹோஸ் முனையின் இருபுறமும் புதுச் செம்பு வாஷர். ஹோஸ் முறுக்காமல் இருக்கட்டும். ஸ்டீயரிங்கை இரு கடைசிக்கும் திருப்பி, டயரில் உரசுகிறதா, விறைக்கிறதா பாருங்கள். மாட்டியதும் பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றுங்கள், டப்பா மூடியில் எந்த டாட் எண் (பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

பின்_பார்த்தியா:
ஆயில் விஷயத்தில் வாத்தியாரோடு உடன்படுகிறேன். டாட் 4 புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் தர அளவே 155 தான். மாற்றியதே ஞாபகம் இல்லாத ஆயிலோடு, சூடான பிரேக்கோடு, 70 கொண்டை ஊசி வளைவு இறங்குவதா? ஆயில் கொதித்து ஆவியானால் மிதி தரைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போங்கள்.

சுருக்கமா_சொல்:
@சாலையோரன், என்ன ஆச்சு? ஆளையே காணோம்.

கிரீஸ்_கை:
கொல்லிமலையில் சிக்னல் இல்லை போல.

சாலையோரன்:
போகவில்லை, தள்ளி வைத்துவிட்டோம். வாத்தியார் சார் சொன்னபடி பார்த்தோம்: மேல் நட்டைத் தளர்த்தியும் வீல் விடவில்லை, நிப்பிளைத் திறந்ததும் விட்டது. முன்னால் இரண்டு ஹோஸும் புதுசு. இப்போது கொதிக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. ஆயில் பாதி பாட்டில் மீதி இருக்கிறது, அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

கிரீஸ்_கை:
வேண்டாம். திறந்த பாட்டில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பெயிண்டில் சிந்தியிருந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், பெயிண்டை உரித்துவிடும்.

பின்_பார்த்தியா:
காலிப்பர் பின் எப்படி இருந்தது? அதைச் சொல்லவே இல்லையே.